சிக்கந்தர் பாயின் க்ரூசர்

சிக்கந்தர் பாயின் மனைவி மும்தாஜ் தங்கச்சி சென்னையிலிருந்து போன் செய்தபோது நான் மலேசியாவில், கிள்ளானில், கடையின் பின்பக்கம் நின்று ரொட்டி மாவு உருண்டைகளுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "அண்ணா, நீங்க ஒரு வாட்டி வந்துட்டுப் போங்க. அந்த வண்டிய வித்துடச் சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அவரு கேப்பாரு" என்றாள்.

சிக்கந்தர் பாயும் நானும் மலேசியாவில் ஒரே கடையில் பல வருடம் வேலை செய்தவர்கள். அவர் தேநீர் ஆற்றுவார், நான் ரொட்டி போடுவேன். அவர் பேசுவார், நான் கேட்பேன். நான் ஒன்றைச் சொல்லி அவர் கேட்டதாக எனக்கு நினைவே இல்லை. அதை மும்தாஜிடம் விளக்கவும் கூச்சமாக இருந்தது. சரி, வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். விமானம் ஏறியது அதுதான் முதல் தடவை.

சென்னையில் இறங்கியதும் முதல் சோதனை டாக்சிக்காரர். "எங்க நிக்கிற தலைவா?" என்று போனில் கேட்டுக்கொண்டே இருந்தார். தூண் பக்கத்தில் என்றேன். "எந்தத் தூணு? இங்க எல்லாம் தூணுதான்" என்று வைத்துவிட்டார். அடுத்தவர் வந்தார். லஸ் பக்கம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டித் தகரம் அடைத்திருந்தார்கள். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல நடந்து போய்டு மாமா, அஞ்சு நிமிஷம்தான்" என்று மந்தைவெளியில் இறக்கிவிட்டார். பெட்டியை இழுத்துக்கொண்டு வழி கேட்டு வழி கேட்டு மயிலாப்பூர் கச்சேரி சாலைக்கு வந்து சேர்ந்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. எங்கள் ஊரிலும் இதே வெயில்தான். ஆனால் அங்கே மதியத்துக்கு மேல் ஒரு மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போகும். இங்கே வானம் அசையவில்லை.

பள்ளிவாசலைத் தாண்டி ஒரு சந்து. அதன் கோடியில் பாயின் வீடு. வாசலிலேயே நின்றிருந்தார். மெலிந்து போயிருந்தார். கட்டிப்பிடித்தபோது தோள் எலும்பு என் தாடையில் இடித்தது.

"இன்னா மணியம், இன்னும் அதே மூஞ்சிதானா? வேற கெடைக்கலியா அங்க?" என்று சிரித்தார். பெட்டியைக் கூட வைக்கவிடவில்லை. "வா, முதல்ல ஒன்னு காட்றேன்" என்று மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் ஒரு சாம்பல் நிறப் போர்வையை உருவினார்.

கறுப்பு வண்டி. முன்பக்கம் நீண்டு, பின்பக்கம் பள்ளமாக, படுத்திருக்கும் எருமை மாதிரி இருந்தது. ஹேண்டில் அகலமாக மேலே எழும்பி ஓட்டுபவரை நோக்கி வளைந்து வந்தது. கால் வைக்கும் கட்டைகள் இரண்டும் எஞ்சினுக்கு முன்னால் தள்ளி இருந்தன. பின்சீட்டில் உட்காருபவர் சாய்ந்துகொள்ள ஒரு சின்னச் சாய்மானம்.

"உக்காரு."

"இப்பவா பாய்? தண்ணி..."

"தண்ணி எங்கியும் ஓடிப்போவாது. உக்காரு நைனா."

உட்கார்ந்தேன். நான் குள்ளம். கிள்ளானில் நான் ஓட்டும் சின்ன மோட்டார் சைக்கிளில்கூட நின்றால் ஒரு பக்கம் சாய்ந்து ஒரு காலைத்தான் ஊன்றுவேன். இதில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன.

"ரெண்டு காலும் கீழ கீதா?"

"இருக்கு பாய்."

"அதான் க்ரூசர். சீட்டு தாழ்வு. குள்ளனும் ராஜா, கெழவனும் ராஜா. இப்ப கால முன்னாடி நீட்டி வை. முதுக நிமிர்த்து. குனிய வேணாம், ஹேண்டில் தானா உங்கிட்ட வருது பாரு. எவ்ளோ தூரம் போனாலும் இடுப்பு நோவாது." அவர் பேசப் பேச, கையால் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டினார். இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகம், அதனால் நேர் ரோட்டில் படகு மாதிரி போகுமாம். ஆனால் இந்தச் சந்தில் திருப்ப நாலு தடவை முன்னும் பின்னும் தள்ள வேண்டும். எஞ்சின் ஒற்றைச் சிலிண்டர்தான், பெரிய வேகம் கிடையாது. முன் சக்கரத்துக்கு ஏ.பி.எஸ். இருக்கிறது, பயந்துபோய் பிரேக்கை அப்படியே இறுக்கினாலும் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காது. "பின்னாடி அது கெடையாது. பின்னாடி நம்ம காலுதான் பார்த்துப் பதமா அழுத்தணும்" என்றார்.

காலு என்றதும் ஒரு தடவை தன் பாதத்தைக் குனிந்து பார்த்தார். உடனே வேறு எதையோ காட்டத் தொடங்கினார்.

எனக்குக் கிள்ளான் ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பணக்காரர்கள் பெரிய அமெரிக்க மோட்டார்களில் வரிசையாகப் போவார்கள். இடி இடிப்பது போலச் சத்தம் வரும். பாய் கையில் ஆற்றிய தேநீரோடு தெருவுக்கே ஓடிவிடுவார். "பார்றா, நாற்காலியில உக்காந்துக்கினு போறான்" என்பார். ஊருக்குத் திரும்பிச் சில வருடம் கழித்து இந்த வண்டியை வாங்கினார். "அந்த வண்டி இல்ல மணியம், அதோட சித்தப்பா பையன். நம்மள மாதிரி ஆளுக்குக் கட்டுப்படியாவுறது" என்று அன்றைக்கு போனில் சொன்னார்.

மாலை அவர் தொழுகைக்குப் போன நேரம் மும்தாஜ் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். சர்க்கரை நோய் என்று தெரியும். இவ்வளவு என்று தெரியாது. வலது காலில் இரண்டு விரலைப் போன வருடம் எடுத்துவிட்டார்களாம். சின்னதாக ஒரு கொப்புளம், அவருக்கு வலியே தெரியவில்லை, தெரிவதற்குள் அழுகிவிட்டது. இப்போது இரண்டு பாதத்திலும் உணர்வு இல்லை. "இன்னொரு காயம் ஆச்சுன்னா முட்டிக்குக் கீழ எடுக்க வேண்டி வரும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்கண்ணா. இவரு வண்டி ஓட்றேங்குறாரு. சாவிய அரிசி டின்னுக்குள்ள பொதச்சு வெச்சிருக்கேன்."

தொழுகை முடிந்து வரும்போது சந்தில் அவர் நடப்பதைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீருக்குள் நடப்பவர் போல ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அவர் உட்கார்ந்ததும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். "நாளைக்கு ஒரு வேலை கீது, நீ கூட வா" என்றார். சரி பாய் என்றேன்.

மறுநாள் ஆட்டோவில் ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். தெரு முழுக்க வண்டிச் சாமான் கடைகள். கண்ணாடியும் சைலன்சரும் பூமாலை மாதிரி தொங்கின. எங்கள் ஊரில் கடைக்காரர் உள்ளே உட்கார்ந்திருப்பார். இங்கே நடுரோட்டில் வந்து கையைப் பிடிக்கிறார்கள். "சீட் கவரா மாமா? ஹாரனா? வா, வந்து பாரு, வாங்க வேணாம், சும்மா பாரு."

பாய்க்கு வேண்டியது கியர் லீவர். அவருடைய வண்டியில் முதல் கியருக்கு லீவரைக் கீழே மிதிக்க வேண்டும். மற்ற கியர்களுக்குக் கால்விரலை லீவருக்கு அடியில் கொடுத்து மேலே தூக்க வேண்டும். இடது கால்விரல் லீவருக்கு அடியில் போயிற்றா இல்லையா என்பது அவருக்குத் தெரிவதில்லை. குனிந்து பார்த்தால் ரோட்டைப் பார்க்க முடியாது. அதனால் குதிகாலுக்கும் ஒரு பிடி உள்ள லீவர் போட்டுவிட்டால், தூக்கவே வேண்டாம், எல்லாம் மிதித்தே மாற்றலாம் என்பது அவர் கணக்கு.

"எங்க ஊரு மோட்டார் எல்லாம் அப்படித்தான் பாய். மிதிச்சா போதும்" என்று என் வாய் சொல்லிவிட்டது. எதைச் சொல்ல வந்தேனோ அதற்கு நேர் எதிர்.

"பார்த்தியா! அதுக்குத்தான் உன்ன இட்டாந்தேன்" என்று என் முதுகில் அடித்தார்.

பக்கத்துத் திருவல்லிக்கேணியில் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். தனக்கு ஒரு வெள்ளரிக்காய்த் துண்டு மட்டும். "நீ துன்னு, நான் வாசனை புடிக்கிறேன்" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இறங்கவில்லை. பாதியில் கை கழுவினேன். "அடப்பாவி, சோறு வேஸ்ட்டு" என்று திட்டினார்.

மாலையில் தாஸ் என்ற மெக்கானிக் வந்து, லீவரை வெட்டி வெல்டிங் வைத்துப் பொருத்தினார். மும்தாஜ் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"மணியம், நீ ஒரு ரவுண்டு போய்ட்டு வா" என்றார் பாய். மும்தாஜ் உள்ளே போய்ச் சாவியைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். சாவியில் ஒரு அரிசி ஒட்டியிருந்தது.

என் மோட்டாருக்குக் கிளட்ச் கைப்பிடி கிடையாது. இடது கைக்கு வேலையே இல்லை. பழக்கத்தில் கியரை மிதித்தேன், வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி மிதித்தேன், மறுபடி துள்ளியது. சந்தே வேடிக்கை பார்த்தது. மேல்மாடியிலிருந்து ஒரு பெண், "கிளட்ச்சப் புடி மாமா, அது இன்னா மாடா, ஒதைக்கிறே?" என்று கத்தினாள். தாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாய், உங்க ஃபிரண்டு ஃபாரின்ல இன்னா ஓட்டுறாரு? சைக்கிளா?"

பாயும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் இடது கை, காற்றில், இல்லாத கிளட்ச்சை மெல்லப் பிடித்து மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. நான் இறங்கிச் சாவியை மும்தாஜிடம் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அடையாறில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். கால்களை மட்டும் பார்க்கிற இடம். காத்திருந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தடித்த நீலச் செருப்புப் போட்டிருந்தார்கள், பின்னால் வார் வைத்தது. பாயிடமும் ஒன்று இருந்தது. "ஆஸ்பத்திரி செருப்பு" என்பார். இங்கே வருவதற்கு மட்டும் மாட்டுவார்.

நர்ஸ் அம்மா அவரைப் படுக்க வைத்தார். கையில் நைலான் நரம்பு மாதிரி ஒன்று. "ஐயா, கண்ண மூடிக்குங்க. நான் தொட்டதும் ஆமான்னு சொல்லுங்க."

முதலில் முழங்காலுக்குக் கீழே தொட்டார். "ஆமா" என்றார் பாய். பாதத்துக்கு வந்தார். தொட்டார். பாய் பேசவில்லை. குதிகாலில் தொட்டார். பேசவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அந்த மௌனம் அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும். "ஆமா" என்றார். நர்ஸ் அப்போது தொடவில்லை. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி "ஆமா" என்றார். நர்ஸ் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பாய் கண்ணை இறுக்க மூடியபடி, ஆமா என்றார், சற்றுப் பொறுத்து ஆமா என்றார். மும்தாஜ் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். நர்ஸ் என்னைப் பார்த்தார். வேறு யாராவது அவரை நிறுத்தச் சொல்ல மாட்டார்களா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"போதும் ஐயா" என்றார் கடைசியில்.

டாக்டரம்மா வண்டி ஓட்டக்கூடாது என்று நேராகவே சொன்னார். "லீவர் மாத்திட்டேன் டாக்டர்" என்றார் பாய். "லீவர மாத்தலாம் ஐயா. கால மாத்த முடியாதே" என்றார் அவர், அன்பாகத்தான்.

திரும்பும்போது ஆட்டோ அடையாறு பாலத்தில் நின்றுவிட்டது. முன்னால் நெரிசல். பாய் குனிந்து என் காதில் கேட்டார். "பாதியாவது சரியா சொன்னேன்ல?"

"சொன்னீங்க பாய்" என்றேன். ஆற்றில் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

அன்று பிற்பகல் அவர் தூங்கியதும், என் மனைவிக்குச் சேலை எடுக்க மும்தாஜ் என்னைத் தி.நகருக்கு அழைத்துப்போனாள். கூட்டத்தைப் பார்த்து எனக்கு மூச்சு முட்டியது. கிள்ளானில் தீபாவளிக்கு முந்தின நாள் கூட்டம் இங்கே சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது. சேலையை எடுத்துக்கொண்டு பாண்டி பஜார் நடைபாதையில் ஒரு கல் இருக்கையில் உட்கார்ந்தோம். "சொன்னீங்களாண்ணா?" என்றாள்.

"இன்னும் இல்லம்மா."

அவள் கோபப்படவில்லை. "எனக்கும் அந்த வண்டி புடிக்கும்ணா. ஞாயித்துக்கிழமை ஆனா பெசன்ட் நகர் பீச்சுக்கு இட்டுக்கினு போவாரு. பின்னாடி சாஞ்சுக்க அது இருக்குல்ல, அதுக்கு எனக்காக எக்ஸ்ட்ரா பஞ்சு வெச்சுத் தெச்சாரு. திருவான்மியூர் வரைக்கும் போய்ச் சும்மா திரும்புவோம். எனக்கு மட்டும் ஆசை இல்லியா?" எதிரே ஒருவன் வெங்காய வடையைக் காகிதத்தில் பிழிந்து எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு கால் எனக்கு வேணும்ணா" என்றாள்.

நாளைக்குக் காலை கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

மறுநாள் விடிந்து வெளிச்சம் வந்த நேரம் பாய் என்னைத் தட்டி எழுப்பினார். பள்ளிவாசலிலிருந்து திரும்பியிருந்தார். வாயில் விரல் வைத்துக் காட்டி, வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் கையில் ஒரு சாவி. "டூப்ளிகேட். வாங்குன அன்னிலேந்து எங்கிட்டதான் கீது" என்றார். நீலச் செருப்பை மாட்டவில்லை. சாதாரண ரப்பர் செருப்பு. அந்த வார் வைத்த செருப்பு தடிமனாக இருக்கிறதாம், லீவரின் இரண்டு பிடிக்கும் நடுவில் நுழையாதாம்.

"பாய்..." என்றேன்.

"லைட் ஹவுஸ் வரைக்கும். ரோடு காலியா கீது. நேரா போய் நேரா வரேன்."

"பாய், தங்கச்சி..."

"மணியம், ஒரே ஒரு வாட்டி."

அவர் குரலில் அதுவரை நான் கேட்காத ஒன்று இருந்தது. கெஞ்சல். பல வருடம் எனக்குக் கட்டளையிட்ட மனிதர். நான் பின்சீட்டைப் பிடித்து வண்டியைத் திருப்பிவிட்டேன். நாலு தடவை முன்னும் பின்னும். சந்து முனைக்குத் தள்ளிப்போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். முதுகு நிமிர்ந்தது. கால்கள் முன்னால் நீண்டன. கிளட்ச்சை மெல்ல விட்டார், துள்ளவே இல்லை. கச்சேரி சாலையில் கிழக்கே போய் மறைந்தார். குதிகாலால் கியர் மாற்றும் சத்தம் ஒன்று, இன்னொன்று என்று எனக்குக் கேட்டது.

நான் அங்கேயே நின்றேன். பால் வண்டி போயிற்று. ஒரு அம்மா வாசல் தெளித்தாள். பேப்பர் போடுபவர் "யாரு வேணும்?" என்று கேட்டார், தலையாட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, பிறகு அந்தச் சத்தம் திரும்பி வந்தது.

முகம் முழுக்கச் சிரிப்போடு வந்தார். காற்றில் கண்ணில் நீர் வழிந்திருந்தது. என் முன்னால் நிறுத்தி இரண்டு காலையும் ஊன்றினார். "அஞ்சு கியரும் போட்டேன் நைனா! அஞ்சும்! டாக்டரம்மாவ வரச்சொல்லு, பின்னாடி உக்கார வெச்சுக் காட்றேன். கடல் இன்னா மாதிரி கீது தெரியுமா? தகடு மாதிரி..."

நான் கீழே பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். விரல்களின் மேற்புறம் தோல் உரிந்து, மணலும் ரத்தமும் ஒட்டியிருந்தன. அந்தக் காலை முழுப் பாரத்தோடு தார் ரோட்டில் ஊன்றிக்கொண்டு, கடலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"பாய்" என்றேன். "செருப்பு."

"இன்னா செருப்பு?"

நான் கையைக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்ப்பது போல வெகுநேரம் பார்த்தார். காலைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தார். சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றிருந்தது, அதை எடுக்க மறந்துவிட்டது போல.

"போய் எடுத்துக்கினு வா" என்றார் மெதுவாக. "மும்தாஜ் எழுந்துக்கிறதுக்குள்ள."

ஓடினேன். சாந்தோம் பக்கம் திரும்புகிற இடத்தில், பூக்கட்டும் அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் அந்தச் செருப்பு கிடந்தது. எடுத்தேன். "பாயோடதா?" என்றாள் அவள். "கூவுனேன்யா, திரும்பியே பார்க்கல. போவச்சொல்லவே உழுந்துடுச்சு. கால் கீழ தொங்கிக்கினு ரோட்ல தேச்சுக்கினே போச்சு. சீட்டு இவ்ளோ தாழ்வா இருந்தா அப்படித்தான்."

போகும்போதே விழுந்திருக்கிறது. கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பிய தூரம் முழுக்க அப்படியேதான்.

நான் வந்தபோது மும்தாஜ் சந்து முனையில் நின்றிருந்தாள். பாய் இன்னும் இறங்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அவர் காலையும் என் கையிலிருந்த செருப்பையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அழவும் இல்லை.

"இறங்குங்க" என்றாள்.

"கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்றார் அவர்.

மூன்று பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம். பெரிய சத்தமில்லை. ஒற்றைச் சிலிண்டர்தானே. பிறகு அவரே அணைத்தார். சாவியை உருவி அவள் கையில் வைத்தார்.

"தாஸ வரச்சொல்லு. வண்டிய வாங்கிக்கிறேன்னு ஒரு ஆளு கேட்டுக்கினே இருந்தான்ல, அவன இட்டாரச் சொல்லு."

மும்தாஜ் சாவியை வாங்கியதும்தான் உடைந்தாள். "வேணாங்க. நிக்கட்டும். ஓட்டாம சும்மா நிக்கட்டும், நீங்க தொடச்சுக்கினு இருங்க" என்றாள்.

"நிக்க வெச்சுப் பார்க்கவா வாங்குனேன்?" என்றார் பாய். கோபமில்லாமல்.

இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் முழுக் கனமும் என்மேல் இருந்தது. வாசற்படியில் உட்காரவைத்தோம். மும்தாஜ் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் பஞ்சும் கொண்டுவந்து தரையில் உட்கார்ந்து, அவர் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தோலுக்குள் சரளைக்கல் ஏறியிருந்தது. சேலையில் குத்தியிருந்த ஊசியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள். அவர் கால் ஒரு தடவைகூட இழுத்துக்கொள்ளவில்லை.

"இன்னும் கீதா?" என்று கேட்டார்.

"இருக்கு" என்றாள்.

அவர் காலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கல் வெளியே வரும்போதும் அவள் பல்லைக் கடித்துக் கண்ணைச் சுருக்கினாள். எவ்வளவு வலிக்கிறது என்பதை அதைப் பார்த்துத்தான் அவர் தெரிந்துகொண்டிருந்தார்.